வேலை செய்கிறது

தங்கச்சிமடத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி.
செம்புக்கு அதைவிடக் கம்மி.
கடலிலிருந்து முந்நூறு அடியில் அந்த இல்லம்,
இருபத்தாறு கட்டில், இருபத்தாறு அழைப்பு மணி.
வாடை திரும்புகிற மாதங்களில் சுவிட்சைத் திறந்தால்
உள்ளே பச்சைக் களிம்பு,
கரையேற்றாத வள்ளத்தின் அடிப்பாசி மாதிரி.
பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன்,
வாஸ்லின் தடவி மூடுவேன்.
அடுத்த மாதம் மறுபடியும் பச்சை.

நான் நம்புகுமார். மண்டபத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை.
மாதத்தில் ஒரு செவ்வாய் இங்கே.

நாலாம் அறை மணி தானாக அடிக்கிறதாம்,
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு, தினமும்.
"அல்லா அறிய நான் தொடல வாப்பா"
என்கிறார் படுத்திருக்கும் சீனி மீராள்.
ராத்திரி டூட்டிப் பெண் நம்பவில்லை.
பிரித்தேன். ஒயர் நுழைகிற ஓட்டையில் உப்பு,
ஈரம் இறங்கியதும் ரெண்டு முனையையும்
சேர்த்து வைக்கிற உப்பு.
கடல்தான் அழுத்தியிருக்கு என்றேன்.
அப்போது சீனி மீராள் டூட்டிப் பெண்ணைப் பார்த்தாரே,
எந்தக் கோர்ட்டும் அப்படித் தீர்ப்புச் சொல்லாது.

பதினாறில் பஸ்ஸருக்குள் பஞ்சு அடைத்திருந்தது.
யார் என்று கேட்கவில்லை.
ராத்திரியில் இருபத்தாறு பேருக்கு ரெண்டு பெண்கள்.
பஞ்சை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒன்பது.

ஒன்பதில் கபிரியேல் மச்சாது.
விசைப்படகில் முப்பது வருஷம் டிரைவர்,
எஞ்சின் சத்தத்திலேயே எந்த நாசிலில் அடைப்பென்று சொல்வாராம்.
பக்கவாதத்தில் பேச்சு போனது.
எப்போது போனாலும் இடது கையில் ஒரு ஸ்பூன்,
கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருப்பார்.
பழக்கம் என்றார்கள்.
பழக்கம் என்று நானும் நினைத்தேன்.

அன்று பாதி வேலையில் கரண்ட் போனது.
மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன.
ஸ்பூன் மட்டும் கேட்டது.
ஜெனரேட்டர் எடுக்கும்வரை
அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.
அவர் பார்க்கும் இடத்தைப் பார்த்தேன்:
வலது சுவரில், சுத்தமாக,
நான் துடைத்து வைத்த சுவிட்ச்.
வலது கை போர்வை மேல் கிடந்தது,
யாரோ மறந்துவிட்டுப்போன சாமான் போல.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
ஜூலை. ஒன்பது: வேலை செய்கிறது.
ஆகஸ்ட். ஒன்பது: வேலை செய்கிறது.
பதினாலு மாதம், என் கையெழுத்து.
ஒவ்வொரு தடவையும் நான்தான் அழுத்தியிருக்கிறேன்.
என் வலது கைக்கு அது வேலை செய்திருக்கிறது.

கரண்ட் வந்ததும் டிரில்லை எடுத்தேன்.
இடது சுவர் கடல்மண் கலந்த பூச்சு,
ஸ்க்ரூ நிற்காமல் உதிர்ந்தது.
சுவரே வேண்டாமென்று
ரெண்டு மீட்டர் ஒயர் நீட்டி பெட் சுவிட்ச் மாட்டி,
ஸ்பூன் தட்டித் தட்டிப் பெயிண்ட் போன
கம்பியிலேயே கட்டினேன்.

அவர் உடனே அழுத்தவில்லை.
ஒயரை விரலால் தடவிக்கொண்டே ஜாயின்ட் வரை போனார்.
டேப் சுற்றியிருந்ததை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.
டிரைவர் இல்லையா.

வண்டியை உதைக்கும்போது உள்ளே மணி.
ஜெனிட்டா ஓடுகிற செருப்புச் சத்தம்.
திரும்பவும் மணி. திரும்பவும்.
ஜன்னலில் அவள் தலை தெரிந்தது:
"அண்ணே, ஒண்ணும் வேணாமாம், சும்மா அமுக்குறாரு!"
"அமுக்கட்டும்."
"ஓடுறது நானுல்ல?"

அது நியாயம்.
அதைச் சரிசெய்ய என் பையில் சாமான் இல்லை.

பாலத்து உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது.
பையில் அந்தப் பஞ்சு.
எறியவில்லை.
கார்புரேட்டர் துடைக்க ஆகும்.